அந்தப் பாயில் இப்போது படுப்பது யார்?

கேள்வி: எங்கள் ஆச்சி இறந்து வருகிற கார்த்திகையோடு ஓராண்டு ஆகிறது. பேரப்பிள்ளைகள் நான்கு பேரையும் வளர்த்தவள். பக்கவாதத்தில் விழுந்த பாட்டாவை 9 ஆண்டுகள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள். வண்ணப் படங்களோடு ஒரு நினைவு மலர் அச்சிட நினைக்கிறேன். அப்பாவும் சித்தப்பாக்கள் இருவரும் சம்மதித்துவிட்டார்கள். அம்மா மட்டும், "எதற்கு வீண் செலவு?" என்கிறாள். பாட்டாவின் கட்டிலடியில் ஆச்சி விரித்திருந்த அதே பாயில் படுத்துக்கொண்டு அம்மா இப்படிப் பேசுவது வேதனையாக இருக்கிறது. மலருக்கு நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள்.
- வாசகர், பெங்களூரு (சொந்த ஊர் தக்கலை)

பதில்: தலைப்பு தர மாட்டேன்.

தம்பி, உங்கள் அம்மா ஏன் அந்தப் பாயில் படுக்கிறாள்? அவளைக் குறை சொல்லப் புகுந்த இடத்தில் இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோய் அது மட்டும்தான் நிற்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். இரவு பத்திலிருந்து காலை ஆறுக்குள் எத்தனை முறை எழ வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆச்சி போனதும் அந்த வேலையும் போய்விட்டதா?

என் அப்பா நான்கு ஆண்டுகள் கிடந்தார். கட்டிலருகே சுவரில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. தரையிலிருந்து எழும்போதெல்லாம் அம்மை கை ஊன்றிய இடம். அவர் காரியத்துக்கு முன்பு ஆள் வைத்து வெள்ளையடித்தவன் நான்தான். அது என்ன கறை என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் வீட்டுச் சுவரையாவது பாருங்கள்.

'ஒற்றை ஆளாக' என்று பெருமையாக எழுதுகிறீர்கள். மூன்று ஆண்பிள்ளைகளும் வளர்ந்த பேரப்பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் ஒரு கிழவி எப்படி ஒற்றை ஆளானாள்? மலருக்குச் சம்மதித்த மூவரும் ஒரு நாளாவது பாட்டாவின் துணியை அலசியிருப்பார்களா? பெற்றவரைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. மருமகள் தலையில் கட்டிவிட்டு மாதம் பணம் அனுப்புவது கடமையில் சேராது. பழைய ஆள் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். மூத்த குடிமக்களின் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டமே பேரனையும் சேர்த்துத்தான் பொறுப்பாக்குகிறது.

பெங்களூரிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு ரயில் இருக்கிறது. இந்த வாரமே ஏறுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் தருகிறார்கள். பாட்டாவை எப்படிப் புரட்டுவது என்று அம்மாவிடம் கற்றுக்கொண்டு, அவளைப் பத்து நாள் அவள் உடன்பிறந்தாள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். சித்தப்பாக்களுக்கும் முறை வைத்துத் தேதி எழுதிக் கொடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தப் பத்து இரவும் பாயில் நீங்கள் படுங்கள். அம்மா திரும்பி வந்த பிறகு, ஆச்சிக்கு என்ன செய்யலாம் என்று அவளிடமே கேளுங்கள்.