மதுரையில் நாங்கள் முதலில் படிக்கும் செய்தி

கேள்வி: உங்கள் ஊரில் அன்றாட வாழ்க்கை எப்படிப் போகிறது? உள்ளூர்ச் செய்திகளில் எதை நிஜமாகவே படிக்கிறீர்கள்?

மதுரை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜல்லிக்கட்டு, அரிவாள், ஜிகர்தண்டா மூன்றும் வரிசையாக நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது வேறு. உள்பக்கத்தில் ஓர் ஓரமாக, கட்டம் கட்டி வருமே அணை நிலவரம், அதுதான். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் என்னைத்தான் கேட்பார். "டேம்ல எத்தனை அடிடா?" பெரியாறு எவ்வளவு, வைகை எவ்வளவு, நீர்வரத்து எத்தனை கனஅடி என்று நான் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காபி.

ஆண்டிபட்டி பக்கத்தில் 1959ல் திறந்த வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மதுரைக்காரன் எவனை எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வான். 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது. மூன்றாவது வந்தால் தண்ணீர் திறப்பார்கள், யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும், மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வரும். வருஷா வருஷம் ஒரே கோணத்தில் எடுத்த அதே படம்தான். ஆனாலும் ஊரே போய்ப் பக்கத்து உயரமான பாலத்தின் மேல் நின்று பார்க்கும். ஆற்றில் தண்ணீர் ஓடுவதை வேடிக்கை பார்க்கிற ஊர் நாங்கள்!

அப்பாவுக்கு இதில் வேறு கணக்கும் உண்டு. அத்தை வீட்டுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. பெரியாறு பாசனம், இருபோகம். இரண்டு அணையிலும் இருப்பு போதுமான அளவுக்கு இருந்தால்தான் ஜூனில் முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். இல்லையென்றால் நாற்று பாவுவதா வேண்டாமா என்று அத்தை அங்கே உட்கார்ந்திருப்பார். அப்பா இங்கே நான் வாசித்த எண்ணைப் போனில் அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தைக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது வேறு விஷயம்.

ஊருக்குள் குடிதண்ணீரும் அந்த அணைகளை நம்பித்தான். பெரியாற்றுத் தண்ணீரைத் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து குழாயிலேயே மதுரைக்குக் கொண்டுவரும் திட்டத்துக்காகத் தெருத்தெருவாகத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணில் பைக் ஓட்டியே என் முதுகு போனது. இருந்தாலும் இந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் குடம் வைத்து வரிசை போட்ட காலத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை.

தண்ணீர் இல்லாத கதை இது என்றால், தண்ணீர் வந்த கதை இன்னொன்று. நான் இருப்பது செல்லூர். 2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணி வாக்கில் அடித்த மழையில் கால் மணி நேரத்துக்குள் மட்டும் நாலரை செ.மீ. கொட்டியதாக அரசே சொன்னது. செல்லூர், கட்டபொம்மன் நகர்ப் பக்கம் எல்லாம் இடுப்பளவு. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தோம், அப்புறம் கட்டிலையே தூக்க வேண்டியதாகிவிட்டது. அரிசி டிரம்மை மாடிக்கு ஏற்றும்போது பக்கத்து வீட்டு மதினி, "தம்பி, எங்க வீட்டு மிக்ஸியையும் சேத்துக் கொண்டுபோய் வச்சிருப்பா" என்று தண்ணீரில் நின்றபடியே நீட்டினார். அந்த மிக்ஸி ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

மழையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மதுரையின் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று கோர்த்தவை. ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு மறுகால் போகும், கடைசியில் வைகை. நடுவில் பல கண்மாய்கள் கட்டடமாகிவிட்டன. மாநகராட்சி அலுவலகம் நிற்பதே தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில்தான். வடக்கே இருந்து வரும் தண்ணீர் முழுதும் செல்லூர்க் கண்மாயில் வந்து முட்டி, பந்தல்குடி வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போக வேண்டும். அந்த வாய்க்காலோ குப்பையும் ஆகாயத்தாமரையுமாக இருந்தது. அந்த மழைக்குப் பிறகு கண்மாயிலிருந்து வைகைக்குப் புதிதாக ஒரு சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

2025 மே மாதக் கடைசியில் முதலமைச்சர் ஸ்டாலின் மதுரைக்கு வந்தபோது, அவர் போகிற வழியில் பந்தல்குடி வாய்க்கால் கண்ணில் படாமல் இருக்க நீளமாகத் துணி கட்டி மறைத்தார்கள். அந்தப் படம் எல்லா இடத்திலும் ஓடியது. கடைசியில் முதல்வரே இறங்கி வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் தெரு டீக்கடையில் அன்றைக்கெல்லாம் இதே பேச்சுதான். துணி கட்டியதால்தான் அவர் பார்த்தார், சும்மா விட்டிருந்தால் கடந்துபோயிருப்பார் என்பது கடைக்காரர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

சரி, அணைக்கு அடுத்து எங்கள் வீட்டில் படிக்கிற செய்தி மல்லிகைப்பூ விலை. இது அம்மாவின் இலாகா. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அம்மாவுக்கு வேண்டியது மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இன்று கிலோ என்ன என்பது. வெயில் காலத்தில் நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பூ, பனிக்காலத்தில் செடி சரியாக மொக்கு வைக்காமல் மூவாயிரத்தைத் தாண்டும். அதிலும் தை முகூர்த்தம் என்றால் கேட்கவே வேண்டாம்.

விலை ஏறியதைப் பேப்பர் பார்க்காமலே பூக்காரக்கா கையில் தெரிந்துகொள்ளலாம். மலிவான நாளில் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அதற்கு மேலும் ரெண்டு கண்ணி விட்டு அறுப்பார். விலை ஏறிவிட்டால் விரல் மடங்கிக்கொள்ளும். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடும். நடுவில் காக்கரட்டான் நுழையும். அது பார்க்க மல்லி மாதிரியே இருக்கும், மணக்காது. அம்மா அதை முகர்ந்தே பிடித்துவிடுவார்.

"என்னக்கா, காக்கரட்டானைக் கட்டிக் குடுக்குறீக?"

"கிலோ மூவாயிரம் விக்குது. நான் என்ன செய்ய, எம் பிள்ளைக்கும் சோறு போடணும்ல?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார். வெள்ளிக்கிழமை பூ இல்லாமல் வீட்டுக்கு வர அவருக்கு மனசு வராது.

பெரிய செய்திகளைப் படிப்பதில்லையா என்றால், படிக்கிறோம். சிரிக்கிறோம். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2021 தேர்தலில் உதயநிதி ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டியே பிரச்சாரம் செய்தார். மாணவர்கள் ராமநாதபுரத்தில் படித்தார்கள், முழுவீச்சில் கட்டட வேலை 2024ல்தான் தொடங்கியது. அப்புறம் மெட்ரோ. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கி.மீ. என்றார்கள். 2025 நவம்பரில் 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. கணக்கு 2011ல் எடுத்தது. கோரிப்பாளையம் மேம்பால வேலை நெரிசலில் நான் ஏறியிருந்த ஷேர் ஆட்டோ அண்ணன், "அழகர் ஆத்துல இறங்குறன்னிக்கு வந்து எண்ணச் சொல்லுங்க சார்" என்றார்.

நத்தம் ரோட்டில் 2023ல் திறந்த கலைஞர் நூலகத்தைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்லலாம். பக்கத்து வீட்டு மதினி மகள் காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் இருட்டித்தான் திரும்புகிறாள். குரூப் 2க்குப் படிக்கிறாள்.

இவ்வளவு சொன்னாலும் எங்கள் ஊரின் உண்மையான பேப்பர் சுவர்தான். காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ், வசந்த விழாவுக்கு ஃபிளெக்ஸ், அதில் தாய்மாமன் கூலிங்கிளாஸ் போட்டு நிற்பார், கீழே தபால்தலை அளவில் முப்பது தலைகள். இதைக் கேலி செய்யாத ஆள் இல்லை, நானும் செய்வேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மட்டும் கேலி செய்ய முடிவதில்லை. ராத்திரி இறந்தால் விடிவதற்குள் ஒட்டிவிடுவார்கள். படம், பெயர், தொழில், உடல் எடுக்கும் நேரம், எந்தத் தெரு, எல்லாம் அதில் இருக்கும். அம்மாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவரின் கணவர் தவறியது அப்படித்தான் தெரிந்தது. சிம்மக்கல் முக்கில் பஸ்ஸுக்கு நின்ற அம்மா போஸ்டரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். கடையில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துப் போய், எடுக்கிற நேரத்துக்குள் மாலை வாங்கிக்கொண்டு சேர்ந்துவிட்டோம். மறுநாள் பேப்பரை அப்பாவுக்காகப் புரட்டியபோது பார்த்தேன், அதில் ஒரு வரி இல்லை. வைகை 58 அடி என்று மட்டும் போட்டிருந்தது.