ஒரு நிமிட ஷோரீலுக்கு ஏற்காடு மலை போதும்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, விஷுவல் எஃபெக்ட்ஸ் டிப்ளமோ முடித்து எட்டு மாதம் ஆகிறது. நான்கு நிமிட ஷோரீல் (செய்த வேலைகளின் மாதிரி வீடியோ) கையில் இருக்கிறது. வெடிப்பு, பறக்கும் கார், ரோபோ, எல்லாம் இருக்கிறது. சென்னை ஸ்டுடியோக்களுக்கு அனுப்பி ஒரு பதிலும் வரவில்லை. எங்கே தப்பு?"

தம்பி, தப்பே அந்த "எல்லாம் இருக்கிறது" என்பதில்தான். ஆள் எடுக்கிற சூப்பர்வைசர் வேலைக்கு நடுவே வரிசையாக ரீல் பார்ப்பவர். அவருக்குத் தெரிய வேண்டியது, இந்தப் பையனை எந்த சீட்டில் உட்கார வைக்கலாம், ரோட்டோவா (ஆளையோ பொருளையோ பிரேம் பிரேமாக வெட்டிப் பிரிப்பது), பெயிண்டா (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவா (எடுத்த கேமராவின் நகர்வைக் கணக்கிடுவது), காம்ப்பா (எல்லாவற்றையும் ஒரே ஷாட்டாகச் சேர்ப்பது) என்பதுதான், அதற்கு உங்கள் ரீலில் பதில் இல்லை. போதாததற்கு அந்த ரோபோ ஷாட்டின் பிளேட் (எஃபெக்ட் சேர்க்கும் முன் கேமராவில் எடுத்த காட்சி) இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்தது என்றால், உங்கள் பேட்ச் முழுக்க அதையே அனுப்பியிருக்கும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் ரீல் டுடோரியல் பார்த்துச் செய்த கட்டட வெடிப்போடு தொடங்கும். இன்டர்வியூவில் பார்த்தவர் அதை ஓட்டிவிட்டு, மூலையில் கிடந்த ஒரு சாதாரண ரோட்டோ ஷாட்டில் நிறுத்தி, "இந்த முடியை எப்படிப் பிரித்தாய்?" என்று கேட்டார். வேலை கிடைத்தது அந்தப் பதிலால்தான்.

அதனால் முதலில் ஒரு துறையைப் பிடியுங்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் கதவு திறப்பது ரோட்டோ, பெயிண்ட், மேட்ச்மூவ் ஆகிய மூன்றில்தான். காம்ப் ஆசை இருந்தாலும் இந்த வழியாகப் போனால் காலம் வீணாகாது. ரீல் ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. நான்கு ஷாட் போதும், சிறந்ததை முதலில் வையுங்கள். சுமாரான ஐந்தாவது ஷாட்டைச் சேர்த்தால் நல்ல நாலும் அதனால் கெடும்.

பிளேட்டுக்கு எங்கே போவது? உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஏற்காடு. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, பக்கத்தில் சில்வர் ஓக், தூரத்தில் மலை மடிப்பு. மேட்ச்மூவ் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஏனென்றால் கேமரா நகரும்போது பக்கத்து மரம் வேகமாகவும் தூரத்து மலை மெதுவாகவும் ஓடும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சாஃப்ட்வேர் கேமராவைக் கணக்கிடுகிறது. (வளைவில் நின்று எடுக்காதீர்கள், வண்டி ஒதுங்கி நிற்க இடமுள்ள இடத்தில் இறங்குங்கள்.) போனில் எடுத்தாலும் சரி, ஆனால் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு பிரேமையும் வளைத்து நெளித்து வைப்பதால் டிராக் ஒட்டவே ஒட்டாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். பிரேம் ரேட் மாறாமல் பதிவு செய்யும் கேமரா ஆப் இருந்தால் இன்னும் நல்லது. கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஏதாவது ஒரு மைல்கல் எத்தனை அடி என்று டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டுக்கு மின்கம்பிகள் குறுக்கே ஓடும் ஓர் இடம் போதும். நின்ற கேமராவில் கம்பியை அழிப்பது யாரும் செய்வது, நகரும் கேமராவில் இலைகளுக்குப் பின்னால் போகும் கம்பியை அழித்து, கிரெயினையும் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) திரும்பப் போட்டுக் காட்டுங்கள். ரோட்டோவுக்கு, காற்றில் முந்தானை பறக்க நடக்கும் ஓர் ஆள். மோஷன் பிளரில், அதாவது அசைவால் மங்கும் இடத்தில், எட்ஜ் எப்படி இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

காம்ப் வைத்தே ஆக வேண்டுமென்றால் மூடுபனி நாளில் போங்கள். பனியில் தூரத்துக் கருப்பு கருப்பாக இருக்காது, வெளிறிச் சாம்பலாக நிற்கும். நீங்கள் வைக்கும் பொருளின் கருப்பும் அந்தத் தூரத்துக்கு ஏற்ப வெளிற வேண்டும். ரோபோவெல்லாம் வேண்டாம், சாலையோரம் ஒரு பழைய பஸ்ஸை நிறுத்தி நம்ப வைத்தால் போதும்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைக் கடந்திருப்பீர்கள். அந்த நிறுவனம் 1940இல் எடுத்த 'உத்தம புத்திரன்'தான் தமிழின் முதல் இரட்டை வேடப் படம், நடித்தவர் பி.யு. சின்னப்பா. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் ஒரே ஆளை இருவராகக் காட்டினார்கள், நாம் லேப்டாப் ரேம் பத்தவில்லை என்று புலம்புகிறோம்.

சாஃப்ட்வேருக்குத் திருட்டுக் காப்பி தேட வேண்டாம். காம்ப் சாஃப்ட்வேரான நியூக்கின் நான் கமர்ஷியல் பதிப்பு இலவசம், எச்டி வரைதான் ரெண்டர் தரும், ரீலுக்கு அது தாராளம். பிளெண்டரில் டிராக்கிங் உண்டு. இலவச டாவின்சி ரிசால்வுக்குள்ளேயே காம்ப் செய்ய ஃபியூஷன் இருக்கிறது.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிரேக்டவுன் கட்டாயம்: முதலில் முடிந்த ஷாட், பிறகு பிளேட், பிறகு ரோட்டோ ஷேப் அல்லது டிராக் புள்ளிகள், கடைசியில் மறுபடி முடிந்தது. ஓரத்தில் நீங்கள் செய்தது என்ன என்று ஒரு வரி. நண்பன் செய்த மாடல் என்றால் அதையும் எழுதுங்கள், இன்டர்வியூவில் கேட்டு மாட்டிக்கொள்வதைவிட அது கௌரவம். வேலை தருவதற்கு உங்களிடமே பணம் கேட்கும் இடத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

அனுப்பும்போது மெயிலில் நீளமான கதை வேண்டாம். எந்த வேலைக்கு, எந்த சாஃப்ட்வேர், எப்போது சேர முடியும், போன் நம்பர், பாஸ்வேர்ட் இல்லாத லிங்க். அனுப்புவதற்கு முன் வேறு யாருடைய போனிலாவது அந்த லிங்கைத் திறந்து பாருங்கள், உங்கள் லேப்டாப்பில் மட்டும் திறக்கிற லிங்குகள் நிறைய பார்த்திருக்கிறேன்.