உள்ளேன் ஐயா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் நான். 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, இப்போது கோவையில் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். கல்லூரி திறந்த இரண்டாம் நாள் அட்டெண்டன்ஸ் எடுத்தபோது, பள்ளிப் பழக்கத்தில் “உள்ளேன் ஐயா” என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வகுப்பில் வாய் திறப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் 94 வாங்கிய நான், முதல் இன்டர்னலில் 21. அம்மாவிடம் 71 என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் வரும் ஆயிரம் ரூபாய் அதற்கே போதவில்லை. அறைத்தோழிகள் மூன்று பேரும் சிபிஎஸ்இ. அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்கு எப்போது வரும்? இதை விட்டுவிட்டு ஊர்ப்பக்கமே பி.எஸ்சி. சேர்ந்துவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

நானும் தமிழ்வழிதான். எங்கள் கணக்குப் பேராசிரியர் முதல் மூன்று வாரம் ‘டிடர்மினன்ட், டிடர்மினன்ட்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதோ புது வஸ்து, நமக்கு எட்டாது என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் விடுதியில் ஒரு சீனியர் என் நோட்டில் நெட்டுக்குத்தாக இரண்டு கோடு போட்டு, நடுவில் எண்களை எழுதினார். அட, நம்ம அணிக்கோவை! பொதுத்தேர்வில் பத்து மதிப்பெண் வாங்கித் தந்த அதே அணிக்கோவை. ஆனால் அதற்குள் நாள் கடந்துவிட்டது. அந்த செமஸ்டர் கணக்கில் அரியர்.

உங்கள் 21-க்கும் இதேதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலான கல்லூரிகளில் முதல் செமஸ்டர் கணக்கு அணிகளிலும் நுண்கணிதத்திலும்தான் தொடங்குகிறது. மேட்ரிக்ஸ் என்பது உங்கள் அணி. ரேங்க் என்பது தரம். இன்வெர்ஸ் என்பது நேர்மாறு. பார்ஷியல் டெரிவேட்டிவ் என்று பயமுறுத்துவது பகுதி வகைக்கெழு. ஆய்லர் தேற்றம் பன்னிரண்டாம் வகுப்பிலேயே போட்டதுதான். ஒரு வேடிக்கை சொல்கிறேன்: அணியின் தரமும் பகுதி வகைக்கெழுவும் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கிடையாது. உங்கள் அறைத்தோழிகள் அவற்றை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். நீங்கள் பார்த்தவர், பெயர் மட்டும் தெரியாதவர். ஐகன் மதிப்பு, கேய்லி–ஹாமில்டன் தேற்றம் எல்லாம் நாலு பேருக்குமே புதுசு.

புரோகிராமிங் வேறு கதை. அதில் அவர்கள் முன்னால் இருக்கலாம். கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்குப் பகுதி வகைக்கெழு சொல்லிக்கொடுங்கள். இங்கிலீஷ் அந்தப் பேச்சுவாக்கில் வரும். தனியாக ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். (நான் கட்டினேன். இரண்டு மாதம் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்குகிற உரையாடலை மனப்பாடம் செய்தேன்.)

எனக்கு உறுத்துவது அந்த ‘வாய் திறப்பதில்லை’தான். பள்ளியில் நீங்கள் விழித்தால் டீச்சருக்குத் தெரியும், பக்கத்தில் வந்து நிற்பார். கல்லூரியில் யாரும் தேடி வரமாட்டார்கள். அறுபது பேர் வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருப்பவரும் புரிந்து உட்கார்ந்திருப்பவரும் மேடையிலிருந்து ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வகுப்பில் கேட்க முடியவில்லையா, சரி, மதியம் நோட்டோடு ஆசிரியர் அறைக்குப் போங்கள். “மேடம், இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?” என்று தமிழிலேயே கேளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களிலும் தமிழ்வழியில் படித்தவர்கள் இருப்பார்கள்.

சிரித்தவர்களைப் பற்றி ஒன்று. அவர்களில் பாதிப்பேராவது ஆறாம் வகுப்பில் “உள்ளேன் ஐயா” சொன்னவர்களாக இருப்பார்கள்.

பஸ் பயணத்தைக் குறையுங்கள். போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம் என்றால் மிச்சம் இருப்பது தூக்கம் மட்டும்தான். முதல் மாதம் அப்படித்தான் இருக்கும், தப்பில்லை. ஆனால் விடுதியில் சிநேகிதம் உண்டாவது சனிக்கிழமை ராத்திரிகளில். அந்த நேரத்தில் நீங்கள் மதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள்.

பி.எஸ்சி. மட்டமான படிப்பு இல்லை. கணக்கின் மீது ஆசைப்பட்டுப் போகிறவர் தாராளமாகப் போகலாம். 21-க்குப் பயந்து போனால் அங்கேயும் கடைசி பெஞ்ச் இருக்கும். ஒரு செமஸ்டர் முடியட்டும், அப்புறம் யோசியுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நானும் மறைத்தேன். ஜனவரியில் கல்லூரியிலிருந்து கடிதம் போனது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கொண்டுவந்த தபால்காரரையே படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். தெருவில் வைத்து. பொங்கலுக்கு நான் போனபோது அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, “தபால்காரர் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுப்பா” என்றார், அவ்வளவுதான். அதற்கு இரண்டு அடி கொடுத்திருக்கலாம். இப்போது தபால்காரர் தேவையில்லை, பல கல்லூரிகள் பெற்றோரின் போனுக்கே மதிப்பெண்ணை அனுப்பிவிடுகின்றன. உங்கள் அம்மா அதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆக, இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ஊருக்குப் போங்கள். 21 என்று சொல்லுங்கள். திரும்பும்போது உங்கள் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வாருங்கள். யாருக்காவது கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள். அதே புத்தகத்தின் ஆங்கிலவழிப் பதிப்பைப் பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து போனில் இறக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் பாட வரிசை ஒன்றே. பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள்.

இரண்டாம் தொகுதியை மறந்துவிட வேண்டாம். பகுதி வகைக்கெழு அதில்தான் இருக்கிறது, எட்டாவது பாடம்.