"உங்களுக்காகத்தான் வந்தேன்" என்கிறான் மகன்

கேள்வி: மகனுக்கு 23 வயது, ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கிறான். நாங்கள் அழுது பிடிவாதம் பிடித்துத்தான் போதை சிகிச்சை நிலையத்தில் சேர்த்தோம். "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, உங்களுக்காகத்தான் வந்தேன்" என்கிறான். மனசில்லாதவனுக்குச் சிகிச்சை பலன் தருமா? - தாய், கொட்டாஞ்சேனை

தரும் அம்மா. முழுமனதோடு படியேறி வருகிறவர்கள் குறைவு. வீட்டாரின் கண்ணீருக்காக வருகிறார்கள், நீதிமன்றம் அனுப்பி வருகிறார்கள். போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் கட்டாய சிகிச்சைக்கும் இடமுண்டு. எனவே சேர்த்த நாளில் இருந்த மனசை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

புகைப்பதை விட முயன்றவர்களை ஆராய்ந்த புரொச்சஸ்கா, டிக்ளமெண்டே என்ற உளவியலாளர்கள் 1980களிலிருந்து எழுதிவந்தது இன்றும் உதவுகிறது. பிரச்சினையே இல்லை என்பார்கள், பிறகு விடலாமா வேண்டாமா என்று ஊசலாடுவார்கள், அப்புறம் ஆயத்தமாவார்கள், விடுவார்கள், விட்டதைக் காப்பாற்றப் பாடுபடுவார்கள். இதில் முன்னுக்கும் பின்னுக்கும் போய்வருவது வழமை. உங்கள் மகன் முதற்படியில் நிற்கிறான், அவ்வளவுதான்.

பார்க்கப் போகும் நாளில் "இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணு" என்று கேட்காதீர்கள். பேச்சை முடிப்பதற்காகவே சத்தியம் பண்ணிவிடுவான். "இது வந்த பிறகு எதையெல்லாம் விட்டுவிட்டாய்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கிரிக்கெட் என்பான், வேலை என்பான், ஒன்றும் சொல்லாமலும் இருப்பான். நீங்கள் நூறு தடவை எடுத்துச் சொல்லும் காரணத்தைவிட, அவன் வாயால் வரும் ஒரு காரணத்துக்குத்தான் அவன் கட்டுப்படுவான்.

கேள்வி: ஹெரோயினுக்காகச் சேர்த்த கணவர், இரண்டாம் கிழமையே "சுகமாகிவிட்டேன், கூட்டிப் போ" என்கிறார். - மனைவி, வத்தளை

உடம்பு வலியும் வாந்தியும் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தணிந்துவிடும். அந்த நிம்மதியைத்தான் அவர் சுகம் என்கிறார். ஆசை அவ்வளவு சீக்கிரம் போகாது. சம்பள நாளில், சந்தியில் பழைய கூட்டாளி கூப்பிட்டால் என்ன செய்வார் என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்வேன்" என்றால் இன்னும் ஆயத்தமில்லை. "அந்தச் சந்தியால் வரமாட்டேன், சம்பளத்தை நீ வாங்கு" என்றால் நம்பிக்கை வைக்கலாம்.

இன்னொன்றையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியில் வந்து முன்பு எடுத்த அளவையே எடுத்தால் உயிர் போகலாம்.

கேள்வி: அப்பா தினமும் சாராயம். வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தலாமா? - மகள், வெள்ளவத்தை

வேண்டாம். நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். முதலில் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: மூன்றாவது முறையாகச் சிகிச்சை நிலையத்துக்குப் போகப் போகிறேன். வெட்கமாக இருக்கிறது. - ஒருவர், தெமட்டகொட

திரும்பவும் போக நினைத்ததே பெரிய விஷயம் தம்பி. முன்பு எந்த நாளில், யாரோடு இருந்தபோது வழுக்கினீர்கள் என்று எழுதிக்கொண்டு போய் உளவளத்துணையாளரிடம் கொடுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த விபரம் அது. போதைப்பொருள் சிகிச்சை ஆலோசனைக்கு 1927, மனம் நொந்துபோனால் 1926. உள்ளத்தில் இருப்பதை இரவல் மொழியில் சொல்ல வராது, அதனால் தமிழில் பேச ஒருவர் வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே கேளுங்கள்.