மறைவுச் செய்தியில் வயது, ஊர், சொல்: மூன்றையும் சரியாக எழுதுவது எப்படி?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்துகொண்டு, வேலூர் வட்டாரச் செய்திகளை வெளியிடும் இணையதளம் ஒன்றில் எழுதி வருகிறேன். அண்மையில் எங்கள் பகுதியில் பெயர்பெற்ற தெருக்கூத்துக் கலைஞர் ஒருவர் மறைந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த தகவலை வைத்து உடனே செய்தி போட்டோம். வயதும் பிறந்த ஊரும் தவறு என்று குடும்பத்தினர் வருத்தப்பட்டார்கள். தலைப்பில் இருந்த ‘இறைவனடி சேர்ந்தார்’ என்ற சொல்லையும் அவர்கள் விரும்பவில்லை. பிரபலங்களின் மறைவை விரைவாகவும் பிழையின்றியும் எழுதுவதற்கு என்ன முறை?

பதில்: குடும்பத்தினர் சுட்டிய மூன்று இடங்களிலும் அனுபவமுள்ளவர்களே அடிக்கடி சறுக்குகிறார்கள். அவற்றுக்கும் முன்னால், மறைவை உறுதிசெய்வது என்ற படி ஒன்று இருக்கிறது. 2016 டிசம்பர் 5 அன்று மாலையில், முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்துவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறக்கப்பட்டது. மருத்துவமனை மறுத்ததும் அது மீண்டும் ஏற்றப்பட்டது. அதிகாரப்பூர்வ அறிவிப்பின்படி அவர் மறைந்தது அன்று இரவு 11.30 மணிக்கு. நான்கு இடங்களில் ஒரே செய்தி வந்தால் அதை நான்கு சான்றுகளாக எண்ணுவது நம் வழக்கம்; ஆனால் அந்த நான்கும் ஒரே வாயிலிருந்து புறப்பட்டிருக்கலாம். குடும்பத்தினர், மருத்துவமனை அறிக்கை, அவர் சார்ந்திருந்த சங்கம் அல்லது கட்சியின் அலுவலகம், விபத்தானால் காவல் நிலையம் ஆகியவற்றுள் ஒன்றிலாவது நேரடியாகப் பேசிய பிறகே வெளியிட வேண்டும். பதினைந்து நிமிடம் பிந்திய செய்தியை வாசகர் மறந்துவிடுவார். உயிரோடு இருப்பவரைக் கொன்ற செய்தியை ஊர் மறக்காது.

வீட்டுக்குப் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. துணைவியாரையோ பிள்ளைகளையோ முதலில் அழைக்காதீர்கள். பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஆள் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கும் மருமகனோ பங்காளியோ ஒருவர் எந்தச் சாவு வீட்டிலும் இருப்பார். அவருடைய எண்ணை ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். எடுத்ததும் ‘எப்போது இறந்தார்’ என்று கேட்காமல், ‘ஐயாவுடைய உடல்நிலை பற்றி ஒரு தகவல் வந்தது, அதனால் அழைத்தேன்’ என்று தொடங்கினால், தகவல் பொய்யாக இருந்தாலும் யார் மனமும் புண்படாது. உண்மையென்றால் அந்த ஒரே அழைப்பில் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, பிறந்த ஊர், இறுதிச் சடங்கு நடக்கும் இடம், நேரம் ஆகிய ஐந்தையும் கேட்டு, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள்.

இனி வயது. தந்தை பெரியார் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் 1973 டிசம்பர் 24 அன்று மறைந்தார். பிறந்தது 1879 செப்டம்பர் 17. கழித்துப் பார்த்தால் 94 நிறைந்து 95 நடந்துகொண்டிருந்தது. நிறைந்த வயதைச் சொல்பவர் 94 என்பார், நடக்கும் வயதைச் சொல்பவர் 95 என்பார், இருவரும் தவறு செய்தவர் அல்லர். செய்தியில் எப்போதும் நிறைந்த வயதையே எழுதுவது என்று உங்கள் தளத்தில் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருக்கும் வயதை நம்ப வேண்டாம். ஒரு முறை நான் அப்படி 78 என்று எழுதப்போக, மறுநாள் அவருடைய தம்பி என்னை அழைத்து, ‘எனக்கே 79 ஆகிறது’ என்றார். மூத்த தலைமுறையினர் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதியே ஆவணத்தில் இருக்கும் என்பதால், குடும்பம் சொல்வதும் ஆவணம் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், ‘எண்பது வயதைக் கடந்தவர்’ என்று எழுதிவிடுவது மேல்.

ஊர் விஷயத்தில் வடஆற்காட்டுக்காரர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. பழைய மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியே போனது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த 1888இல் திருத்தணி வடஆற்காட்டைச் சேர்ந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டம். சி.எம்.சி.யைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடரை வேலூரில் பிறந்தவர் என்று எழுதுகிறார்கள். அவர் பிறந்தது ராணிப்பேட்டையில். மு. வரதராசனார் வாழ்க்கைக் குறிப்பில் திருப்பத்தூரும் வருகிறது, வாலாஜாப்பேட்டையை அடுத்த வேலமும் வருகிறது. அன்று ஒரே மாவட்டத்தில் இருந்த அந்த இரண்டு ஊர்களும் இன்று வெவ்வேறு மாவட்டங்களில் இருக்கின்றன. பிறந்த ஊர், சொந்த ஊர், வளர்ந்த ஊர் என்று தனித்தனியாகக் கேட்டு, ‘அன்றைய வடஆற்காடு மாவட்டம், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டம்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் சிக்கல் வராது.

சொல்லுக்கு வருவோம். ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘சிவலோகப் பதவி அடைந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ ஆகியவை குடும்பத்தார் தங்கள் நம்பிக்கையின்படி கொடுக்கும் அறிவிப்புக்கு உரியவை. செய்தியாளர் தாமாக எடுத்துப் போடும்போது, பெரியாரை இறைவனடியில் சேர்த்த கதையாக அது முடியும். முதியவரின் இயல்பான மறைவுக்கு ‘காலமானார்’, விபத்திலோ இளம் வயதிலோ என்றால் ‘உயிரிழந்தார்’, பொதுவாக ‘மறைந்தார்’. இந்த மூன்றே போதும். ‘சடலம்’ என்பது குற்றச் செய்தியின் சொல். மறைவுச் செய்தியில் ‘உடல்’ என்று எழுதுங்கள். தகனமா அடக்கமா என்பதை ஊகிக்கவே கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் முஸ்லிம் பிரமுகர் மறைந்தால் பெரும்பாலும் அன்றே அடக்கம் முடிந்துவிடும் என்பதால், எந்தத் தொழுகைக்குப் பின், எந்தப் பள்ளிவாசலில் என்பது செய்தியின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். சாதிப் பெயரை, அவரே பெயரோடு சேர்த்து எழுதி வந்தாலொழிய, நீங்கள் ஒட்ட வேண்டியதில்லை.

மறைவுக்கான காரணத்தை மருத்துவமனையோ குடும்பமோ சொன்ன அளவுக்கு மேல் நீட்டாதீர்கள். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17 அன்று மறைந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பரவியது ஏராளம். ஆனால் அவருடைய மறைவுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே நிபுணர் குழு பின்னர் முடிவுக்கு வந்தது. தற்கொலை என்றால் விதி இன்னும் கடுமையானது. முறையையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது. 104, 14416 ஆகிய உதவி எண்களைச் செய்தியின் அடியில் சேர்ப்பது நம் பொறுப்பு.

வாழ்க்கையைச் சொல்லும் பகுதியில்தான் நம் எழுத்துகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கின்றன. ‘ஆயிரக்கணக்கான மேடைகளில் முழங்கியவர், ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்பதாலேயே அது யாரையும் பற்றியதாக இருப்பதில்லை. உங்கள் கூத்துக் கலைஞர் எந்த ஜமாவில் (கூத்துக் குழுவில்) ஆடினார், யாரிடம் அடவு (ஆட்ட முறை) கற்றார், கதையை நடத்திச் செல்லும் கட்டியக்காரனா, மரத்தாலான அணிகள் பூணும் கட்டை வேஷமா, பதினெட்டாம் போர் அன்று துரியோதனன் வேஷம் கட்டி விடியவிடிய ஆடிவிட்டுக் காலையில் எந்த நிலத்தில் வேலைக்குப் போனார் என்பதை, அவரோடு மிருதங்கம் வாசித்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் தெரிந்துகொள்ளலாம். விக்கிப்பீடியாவிலிருந்து மேற்கோள் எடுக்காதீர்கள். இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் 2009இல் மறைந்தபோது, அயர்லாந்து மாணவர் ஒருவர் அங்கே கற்பனையாகச் சேர்த்த வாசகத்தை வெளிநாட்டு நாளிதழ்கள் சில அவர் சொன்னதாகவே அச்சிட்டன.

வழக்கோ சர்ச்சையோ பொதுவாழ்வின் பகுதியாக இருந்தால் மறைக்க வேண்டியதில்லை. குற்றச்சாட்டு, தீர்ப்பு, மேல்முறையீடு என்று எந்த நிலையில் முடிந்தது என்பதை ஒரே வாக்கியத்தில், நடுப்பகுதியில் சொல்லுங்கள். மறைந்தவர்மீதான அவதூறும், குடும்பத்தினரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும்.

தலைப்பில் பெயர் இருக்கட்டும். ‘பிரபல கலைஞர் திடீர் மரணம், ரசிகர்கள் அதிர்ச்சி’ என்று பெயரை மறைத்துச் சொடுக்க வைப்பது இழவு வீட்டு வாசலில் கடை விரிப்பதற்குச் சமம். எண்பதைத் தாண்டிய பிரமுகர்களுக்கு முன்கூட்டியே குறிப்பு தயாரித்து வைக்கலாம், ஆனால் தளத்துக்குள் ஏற்றி வைக்காதீர்கள். 2003இல் சி.என்.என். தளத்தில் அப்படி வைத்திருந்த வரைவுகள் வெளியே தெரிந்துவிட்டன.

நீங்கள் வெளியிட்ட செய்தியை நீக்க வேண்டாம். வயதையும் ஊரையும் தலைப்பையும் திருத்தி, எதை, எந்த நாளில் திருத்தினீர்கள் என்று அடியில் ஒரு வரி சேருங்கள். சுட்டியில் பழைய தலைப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு அந்தக் குடும்பத்தினரிடம் நீங்களே பேசி, திருத்திய பக்கத்தை அனுப்பிவையுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்கு அவர்கள் காட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.