எவ்வளவு செய்தும் வாலிபர்கள் ஏன் சபைக்கு வருவதில்லை?

கிட்டார், டிரம்ஸ், பெரிய திரை எல்லாம் வாங்கிவிட்டோம், அப்படியும் வாலிபர் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வாலிபர் கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அண்மையில்தான் உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பல வருடம் அதே பொறுப்பில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். நான் இசைக்கு எதிரி அல்ல, கீபோர்டு வாசிப்பவன்தான். "பழைய பஞ்சாங்கம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பாட்டுக்காக மட்டும் வருகிறவர்கள், அதைவிட நல்ல பாட்டு வேறெங்காவது கிடைத்தால் அங்கே போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

எங்கள் வேதபாட வகுப்பில் பள்ளி இறுதி வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். அவனுடைய நண்பனுக்குப் புற்றுநோய். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது, நண்பன் இறந்துபோனான். "ஜெபத்துக்குப் பதில் வரும்னு சொன்னீங்களே, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். ஒரு மூப்பர் "விசுவாசக் குறைவு, தம்பி" என்று முடிக்கப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, வேதாகமத்தில் ஆபகூக் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன். எவ்வளவு காலம் கூப்பிடுவது, நீர் கேட்கவே இல்லையே என்று தீர்க்கதரிசியே கடவுளிடம் முறையிடும் இடம். வாசித்தவன் நிமிர்ந்து, "இப்படியெல்லாம் பேசலாமா?" என்றான். அவன் கேள்விக்கு அன்று விடை கிடைத்துவிடவில்லை. ஆனால் மற்ற பிள்ளைகளும் வாய் திறந்தார்கள்: பரிணாமம், வேறு மதத்தில் காதல், வேலை கிடைக்காத வேதனை. இத்தனை நாளும் இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் கைதட்டிப் பாடியிருக்கிறார்கள்.

அப்புறம், பொறுப்பு. நாற்காலி அடுக்கவும் ஸ்பீக்கர் தூக்கவும் மட்டும் வாலிபர்களைக் கூப்பிடுகிறோம். 1844இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கியபோது ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு வயது 22, துணிக்கடை ஊழியர். 1881இல் அமெரிக்காவில் போதகர் பிரான்சிஸ் கிளார்க் வாலிபர்களுக்காகத் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தில், வாராந்தர ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு விதத்தில் பங்கெடுத்தே ஆக வேண்டும். சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போக முடியாது. நான் காணிக்கை எண்ணும் குழுவில் காமர்ஸ் படிக்கும் ஒரு பெண்ணைச் சேர்க்கச் சொன்னதற்குக் கமிட்டியில் ஒரே கூச்சல். நாளைக்கு அவளே வங்கியில் உட்கார்ந்து ஊரார் பணத்தை எண்ணினால் அது மட்டும் பரவாயில்லையாம்!

இன்னொன்று, 13 வயதுப் பிள்ளையையும் 25 வயதுக்காரரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். ஒருவருக்குப் பரீட்சை பயம், மற்றவருக்குக் கல்யாணப் பேச்சு.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: ஆராதனையில் வரும் அறிவிப்பு நேரம். அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்த தாளையே மேடையில் ஒருவர் ஒரு வரி விடாமல் வாசிப்பார், நடுவில் கமிட்டித் தேர்தல் பிரச்சாரமும் நடக்கும். வாலிபர்கள் போனைப் பார்க்கிறார்கள் என்று அப்புறம் அவரே திட்டுவார். அந்த நேரத்தில் நானும் போனைத்தான் பார்க்கிறேன்.