‘அவ்ளோதானா?’ என்று கேட்ட பையனுக்கு

கேள்வி: நான் தூத்துக்குடியில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்தவள். கணவர் வீடு நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்). இப்போது தாம்பரத்தில் ஃபிளாட்டில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 11 பரிசுப் பொட்டலம் வாங்கினோம். கிரெடிட் கார்டு கடன் ஏப்ரல் வரை இழுத்தது. கடைசிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு மகன் என்னைப் பார்த்து, “அவ்ளோதானா?” என்றான். அன்று விடிகாலை ஆராதனையில் மகள் ஓயாமல் அழுததால் பாதியிலேயே வெளியே வந்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. டிசம்பர் முதல் வாரமே அத்தை ஊரிலிருந்து வந்துவிடுவார். குடில் வைப்பது நம் வழக்கமில்லை என்பார். கிறிஸ்துமஸ் தாத்தா என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்றும் சொல்கிறார். பள்ளியிலோ எல்லாப் பிள்ளைகளும் தாத்தா பேச்சுதான். இந்த வருஷம் எப்படிக் கொண்டாடுவது என்றே தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்த ‘அவ்ளோதானா?’ உங்கள் மனத்தை எப்படி அறுத்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. பிள்ளை பேராசைக்காரனாக வளர்கிறானோ என்ற பயமும் வந்திருக்கும். வர வேண்டாம். டிசம்பர் முழுக்க வீடே எதற்கோ பரபரத்ததை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டார் கட்டினீர்கள், கடை கடையாக ஏறி இறங்கினீர்கள், அடுப்படியில் நின்று நின்று உங்களுக்குக் கால் வீங்கியது, அவன் குறுக்கே வந்தபோதெல்லாம் “தள்ளிப் போடா” என்று விரட்டினீர்கள். கடைசியில் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தனை நாளும் அவன் கையில் ஒரு வேலையும் இல்லை. அப்புறம் அவன் வேறென்ன கேட்பான்?

இந்த வருஷம் அவனுக்கு வாங்கிக் கொடுப்பதைக் குறையுங்கள், வேலை கொடுப்பதைக் கூட்டுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சண்டே ஸ்கூலில் பல வருஷம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் நம்பிச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் விக்கெர்ன் என்ற லூத்தரன் ஊழியர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். “கிறிஸ்துமஸ் வந்துடுச்சா, வந்துடுச்சா” என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்களாம். அவர் 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வரிசையாக நட்டுத் தொங்கவிட்டார். வார நாளுக்குச் சின்னது, ஞாயிற்றுக்குப் பெரியது. தினமும் ஒன்றாக ஏற்ற ஏற்ற, எத்தனை நாள் பாக்கி என்று பிள்ளைகளே எண்ணிக்கொண்டார்கள். இன்று கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறும் ஒவ்வொன்றாக ஏற்றும் மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்ததுதான். நச்சரித்த பிள்ளைகளை அவர் அடக்கவில்லை பாருங்கள், காத்திருப்பதையே ஒரு வேலையாக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டுக்குச் சக்கரம் வேண்டாம், குடில் போதும். குடிலின் புல்தரைக்காக டிசம்பர் 14 வாக்கில் ஒரு கைப்பிடி கேழ்வரகை மகன் கையாலேயே இரவு ஊறப்போடச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு பழைய தாம்பாளத்தில் ஓர் அங்குலத்துக்கு மண் பரப்பி, அவனே தூவட்டும். மேலே ஈரத்துணி. முளை கண்ணுக்குத் தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊற்றக் கூடாது, விரல் நுனியால் தெளிக்க வேண்டும். அந்த வேலையை மகளுக்குக் கொடுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. முதல் இரண்டு நாள் ஒன்றுமே தெரியாது, பொறுமை போய்விடும். அப்புறம் ஒரு காலையில் வெள்ளையாக நூல் நூலாக எட்டிப் பார்க்கும். 24-ஆம் தேதிக்குள் ஒரு விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும். சின்ன வயதில் தூத்துக்குடியில் நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள்.

பாலனைக் கிடத்தும் முன்னணையை 24-ஆம் தேதி இரவு வரை காலியாக விடுங்கள். பாலன் இயேசு சொரூபம் அலமாரியில் இருக்கட்டும். மூன்று ஞானிகளைக் குடிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வீட்டின் அந்தக் கோடியில், செருப்பு ஸ்டாண்டு பக்கம் நிறுத்துங்கள். தினமும் ஒரு முழம் அவர்கள் நடக்க வேண்டும், நடத்துவது மகன் பொறுப்பு. ஜன்னல் திட்டு, டிவி மேஜை, சாப்பாட்டு மேஜை என்று சுற்றிக்கொண்டு ஜனவரி 6 அன்று, உங்கள் ஊரில் மூன்று ராஜாக்கள் திருநாள் என்பார்களே, அன்றைக்கு வந்து சேரட்டும். வேதத்தில் இருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். மேய்ப்பர்கள்தான் அன்று இரவே வந்தவர்கள். ஞானிகள் பின்னால் வந்து பிள்ளையை ஒரு ‘வீட்டில்’ கண்டதாகத்தான் மத்தேயு எழுதுகிறார். பையன் 26-ஆம் தேதி காலையில் எழுந்து, இன்று ராஜாக்கள் எதுவரை போக வேண்டும் என்று கேட்பான். போன வருஷம் 25-ஆம் தேதி காலை பத்து மணிக்கே முடிந்த பண்டிகை, இந்த வருஷம் ஜனவரி வரைக்கும் ஓடும். ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். வைக்கோல் இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், பேட்டரியில் எரிகிற சின்ன விளக்குப் போதும்.

இனி அத்தை. அவரோடு வாதாடப் போகாதீர்கள், கதையாகச் சொல்லுங்கள். 1223-இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் வைத்த குடிலில் உயிரோடு நின்றன மாடும் கழுதையும். பெத்லகேமைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார். புராட்டஸ்டன்ட் பிரிவுக்கு வழிவகுத்த லூத்தர் தம் மறுப்பை வெளியிட்டது 1517-இல். இடையில் ஏறத்தாழ 300 வருஷம். நாம் ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்று பிரிவதற்கு அவ்வளவு முன்னாலேயே இருந்தது குடில், ஆகையால் அது இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்து. இப்போது எத்தனையோ சி.எஸ்.ஐ. வீடுகளில் குடில் வைக்கிறார்கள் என்பதை அத்தையும் பார்த்திருப்பார்.

இதைவிட முக்கியம், குடிலில் அத்தைக்கும் ஒரு வேலை வேண்டும். ஒதுக்கி வைத்தால்தான் பெரியவர்களுக்குக் கசப்பு வரும். 24-ஆம் தேதி இரவு லூக்கா 2-ஆம் அதிகாரத்தை அவர் சத்தமாக வாசிக்கட்டும். அவர் வேதாகமத்தில் ‘முன்னணை’ என்றிருக்கும், உங்கள் விவிலியத்தில் ‘தீவனத் தொட்டி’ என்றிருக்கும். பையன் கட்டாயம் முன்னணை என்றால் என்ன என்று கேட்பான். தாம்பரம் ஃபிளாட்டில் வளர்கிற பிள்ளை மாட்டுத் தொட்டியை எங்கே பார்த்திருக்கப் போகிறது? அத்தை தன் ஊரில், தன் அப்பா வீட்டுத் தொழுவத்தில் தொட்டி எப்படி இருந்தது, புண்ணாக்கு எப்படிக் கரைத்தார்கள், மாடு மூச்சுவிட்டால் முகத்தில் எப்படிச் சூடாக அடிக்கும் என்று சொல்லட்டும். “சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்” என்று வாசித்து முடிக்கும்போது மகள் பாலனைக் கொண்டுபோய்க் கிடத்தட்டும். அடுத்த வருஷம் குடில் எங்கே என்று கேட்பவர் அத்தையாகத்தான் இருப்பார்.

கிறிஸ்துமஸ் தாத்தா விஷயத்தில் நான் பாதி அத்தை பக்கம். “சொன்ன பேச்சு கேட்டாத்தான் தாத்தா கிஃப்ட் தருவார்” என்று மிரட்டுவது எனக்குப் பிடிக்காது. பெத்லகேமில் கிடைத்தது நல்ல பிள்ளைக்கான பரிசு இல்லையே, எல்லாருக்கும் சும்மா கிடைத்தது. அதற்காகத் தாத்தாவை வீட்டைவிட்டுத் துரத்தவும் வேண்டாம். அவருக்குப் பின்னால் ஓர் உண்மையான ஆள் இருக்கிறார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரில் பிஷப்பாக இருந்த நிக்கோலாஸ். சீதனம் கொடுக்க வழியில்லாத ஓர் அப்பா, மூன்று பெண் பிள்ளைகள். நிக்கோலாஸ் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போனார் என்பது காலங்காலமாகச் சொல்லிவரும் கதை. அவர் திருநாள் டிசம்பர் 6. அன்றைக்கு இதைப் பையனிடம் சொல்லுங்கள். “அவர் மாதிரி வேஷம் போட்டு எல்லாரும் விளையாடுறோம்” என்று சொன்னால் பொய்யும் இல்லை, விளையாட்டும் போகாது. விளையாட்டு என்று தெரிந்தும் ஆசையாக விளையாடுவது பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. “உன் கிளாஸ்ல மத்தவங்ககிட்ட இதைப் போட்டு உடைக்காதே” என்றும் சொல்லி வையுங்கள், பெரிய மனுஷனாக நடந்துகொள்வான். நிக்கோலாஸ் மாதிரி, யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு வரும் வேலையை அவனுக்கே கொடுத்துப் பாருங்கள்.

கேரல் ரவுண்ட்ஸ் வரும் அன்று முகமூடி போட்ட தாத்தா கையில் மகளைக் கொடுத்து போட்டோ எடுக்க வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைக்கு, நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில், அசையாத அந்த முகத்தைப் பார்த்தால் பயம்தான் வரும். உங்கள் இடுப்பிலிருந்தே கை காட்டட்டும்.

பலகாரம் பற்றி. ஐந்து வகை செய்ய வேண்டாம், இரண்டு போதும். அச்சு முறுக்குக்குப் பிள்ளைகள் எண்ணெய்ச் சட்டி பக்கமே வரக் கூடாது, அதைப் பெரியவர்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கென்றே கடவுள் கொடுத்தது கல்கல். என் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சின்ன வயதுக் கிறிஸ்துமஸில் எது ஞாபகம் இருக்கிறது என்று போன வருஷம் கேட்டேன். நான் சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்த பெரிய பொம்மை அவளுக்கு ஞாபகமே இல்லை. கரண்ட் போன ஒரு ராத்திரி, தரையில் பேப்பர் விரித்து, புதுச் சீப்பின் பல் மேல் மாவு உருண்டையைக் கட்டை விரலால் அழுத்தி உருட்டியதைச் சொன்னாள். சீப்பிலிருந்து கழற்றும்போது கோடு கோடாகச் சிப்பி மாதிரி சுருண்டு வருமே, அது தன் கைக்கு மட்டும் வராமல் அப்பிக்கொண்டதையும், அவள் அப்பா விரலில் எண்ணெய் தடவிவிட்டதையும் சொன்னாள். மாவு, சீப்பு, இருட்டு, அப்பா விரல். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பேச்சு வரவில்லை. கோணல்மாணலாக வந்தாலும் பொரித்துப் பாகில் போட்டுவிடுங்கள், நீங்கள் திருத்தி உருட்டாதீர்கள்.

பக்கத்து வீடுகளுக்குத் தட்டைப் பிள்ளைகளே கொண்டு போகட்டும். தீபாவளிக்கு அவர்கள் வீட்டு அதிரசமும் ரம்ஜானுக்குக் கஞ்சியும் இவர்கள் சாப்பிட்டவர்கள்தானே. தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். அதைக் கவனித்துப் பிடித்துக்கொண்டு வருவதும் ஒரு வேலைதான்.

பரிசு ஆளுக்கு ஒன்று, துணி ஆளுக்கு ஒரு செட். என்ன தொகை என்று நவம்பரிலேயே கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்து, ரொக்கமாக எடுத்து ஒரு கவரில் போட்டுவிடுங்கள். கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். மகன் அப்பாவோடு போய்த் தங்கச்சிக்கு ஒன்று தேர்ந்தெடுக்கட்டும். அதைப் பிரிக்கும்போது அவள் முகத்தைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆராதனையில் அழுத பிள்ளைக்காக நீங்கள் கூசவே வேண்டாம். அந்த நேரத்தில் மகள் உடம்பில் என்ன இருந்தது? நெட் வைத்த புது ஃபிராக்தானே? அந்த நெட் அக்குளிலும் கழுத்திலும் எப்படி அரிக்கும் என்று ஒரு நாள் உங்கள் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். புதுத் துணியை முன்கூட்டியே ஒரு முறை அலசிவிடுங்கள், பின்கழுத்து லேபிளை வெட்டுங்கள், உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். 24-ஆம் தேதி மத்தியானம் கட்டாயம் தூங்க வையுங்கள். கோயிலில் பக்கவாட்டுக் கதவை ஒட்டி உட்காருங்கள். அழுதால் ஒருவர் வெளியே தூக்கிக்கொண்டு போகலாம், அடுத்த பாட்டுக்கு உள்ளே வரலாம். பாதி ஆராதனையும் ஆராதனைதான். பெத்லகேமில் அன்று ராத்திரி ஒரு பிள்ளை அழுத சத்தம் கேட்டிருக்காதா என்ன?

ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளிடம் உங்கள் பிள்ளைகளை அழைத்துப்போய், கேக் கொடுத்துப் போட்டோ எடுக்கும் யோசனை யாராவது சொன்னால் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் காட்சிப்பொருள் இல்லை. கொடுக்க வேண்டியவர் உங்கள் வாசலிலேயே இருக்கிறார். லூக்காவை மறுபடி வாசித்துப் பாருங்கள். நற்செய்தி முதலில் போனது ராத்திரி வேலை பார்த்தவர்களிடம்தான், வயல்வெளியில் தூங்காமல் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம். உங்கள் ஃபிளாட்டில் நைட் டூட்டி பார்க்கும் வாட்ச்மேன் யார், அவருக்கு எந்த ஊர், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒரு டப்பாவில் கல்கல், ஒரு பிளாஸ்க்கில் காபி. விடிகாலை நான்கு மணிக்கு நீங்கள் கோயிலுக்குக் கிளம்பும்போது லிஃப்டில் டப்பாவை மகன் கையில் கொடுத்துவிடுங்கள், பிளாஸ்க்கை அத்தை பிடித்துக்கொள்ளட்டும். கேட் பக்கம் அவர் விழித்துக்கொண்டு இருப்பார்.